மூன்றாவது அங்கணம்

போரெட் பண்ணை வீட்டின் முன்வாசல் கதவு இரண்டு காரியத்துக்குத்தான் திறக்கும். கல்யாணப் பெண் உள்ளே வருவதற்கு, சவப்பெட்டி வெளியே போவதற்கு. மற்ற நாளெல்லாம் சமையலறை வழியாகத்தான் போக்குவரத்து. இங்கிலாந்தின் சஃபோக் ஜில்லாவில் பாதிப் பண்ணை வீடுகளில் இதுதான் வழக்கம் என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கெரிட்ஜ் குடும்பத்துக்கு மட்டும் சமையலறையும் கிடையாது. பின்படியில் நின்று பேசிவிட்டுப் போக வேண்டியதுதான். அப்படி யாரும் சட்டம் போட்டுவிடவில்லை. உள்ளே வா என்று யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அந்தப் படியில் நின்றால் நேர் எதிரே அடுப்பு தெரியும். ஒரு பசுவையும் கன்றையும் உள்ளே கட்டலாம், அத்தனை பெரிய செங்கல் அடுப்பு. அதன் மேல் குறுக்கே கிடக்கும் ஓக் விட்டத்தில் 1594 என்று செதுக்கியிருக்கும். கிளெமென்ட் போரெட் அந்த எண்ணை விரலால் தடவிக் காட்டாமல் எந்த விருந்தாளிக்கும் தேநீர் ஊற்றியதில்லை. அதே விட்டத்தில் ஓர் ஆணியில், புகையிலை அடைத்துப் புகைக்கிற களிமண் சுங்கான் ஒன்று நூலில் தொங்கும். எண்ணைக் காட்டி முடித்ததும் அடுத்தது அதுதான்.

"இது யாரோடது தெரியுமா? எங்க தாத்தாகிட்ட குதிரைக்காரனா இருந்தான் ஆமோஸ் கெரிட்ஜ், அவனோடது. லாயத்துல உக்காந்து புகை விட்டு லாயத்தையே கொளுத்தின மகராசன்."

அந்த மகராசனின் பேத்திதான் மேவிஸ் கெரிட்ஜ். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இரண்டு குதிரைகள் வைத்திருக்கிறாள், டச்சஸ், ஜூனோ என்று. செம்பட்டை நிறத்தில், நெல்லுக் குதிர்போல உடம்புள்ள சஃபோக் குதிரைகள். உழவுப் போட்டிக்கும் திருவிழா ஊர்வலத்துக்கும் கூட்டிப் போவாள். ஊரில் டிராக்டர் வந்து எல்லாக் குதிரைகளும் போனபிறகு இவளுடையது இரண்டுதான் மிச்சம். அவை நிற்பது கிளெமென்டின் லாயத்தில். தாத்தா கொளுத்தியதாகச் சொல்கிற அதே லாயம். அந்த வட்டாரத்தில் இவ்வளவு பெரிய குதிரைகள் நுழைகிற வாசல் வேறெங்கும் இல்லை என்பதால் அவளும் வாயை மூடிக்கொண்டு அங்கேயே வைத்திருந்தாள்.

நெருப்புக் கதை இதுதான். முதல் உலகப் போருக்கு இரண்டு கோடைக்கு முன்னால், லாயத்தின் வடக்குச் சுவரை ஒட்டி வைத்திருந்த புல்போர் பற்றிக்கொண்டது. ஆட்கள் நீண்ட கொக்கிகளால் லாயத்துக் கூரை வைக்கோலை இழுத்துத் தள்ளி, நெருப்பு தாவாமல் தடுத்தார்கள். வடக்கிலிருந்து இரண்டு அங்கணம் வரை, அதாவது இரண்டு விட்ட இடைவெளி வரை, கூரையைப் பிய்த்தாகிவிட்டது. மூன்றாவது அங்கணத்துக்குப் போவதற்குள் நெருப்பு அடங்கிவிட்டது. மறுநாள் கிளெமென்டின் தாத்தா ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். கைமரமெல்லாம் உள்பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது. சுவரின் உச்சியில் கிடக்கும் விட்டத்தின் மேல் ஒரு களிமண் சுங்கானும் கிடந்தது. நெருப்பு உள்ளேயிருந்துதான் கிளம்பியிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்ல அவருக்கு வேறென்ன வேண்டும்? ஆமோஸ் புகையிலை மெல்லுகிறவன், புகைக்கிறவனில்லை என்று அவன் மனைவி ஊரெல்லாம் சொன்னாள். மழைக்குப் பயந்து ஈரப் புல்லைப் போர் வைக்கச் சொன்னதே முதலாளிதான், ஈரப் புல் உள்ளே வெந்து தானே பற்றும் என்றும் சொன்னாள். கேட்க ஆள் இல்லை. வேலையோடு கொடுத்த குடிசை வேலையோடு போயிற்று. ஆறு பிள்ளைகளோடு அறுவடை முடிவதற்குள் வெளியே வந்தார்கள். பிறகு அந்த வீட்டில் பிறந்த குழந்தை குட்டிக்கெல்லாம் ஊரில் ஒரே பெயர்தான், சுங்கான்.

பள்ளிக்கூடத்தில் மேவிஸும் கிளெமென்டும் ஒரே வகுப்பு. அவளுக்கு அந்தப் பெயரை அங்கே கொண்டு வந்து சேர்த்தவன் அவன்தான்.

இப்போது கிளெமென்டுக்கு லாயத்தை இடிக்க வேண்டியிருந்தது. புதிதாக வாங்கிய அறுவடை எந்திரம் முற்றத்தில் திரும்ப மாட்டேன் என்கிறது. லாயம் இருக்கும் இடத்தில் இரும்புக் கொட்டகை போட்டால் தாராளமாகத் திரும்பும். ஆனால் வீடு அரசாங்கத்தின் பழைய கட்டடப் பட்டியலில் இருந்தது. பட்டியலில் உள்ள வீட்டு முற்றத்தில் கோழிக்கூண்டை நகர்த்துவதற்கும் கவுன்சிலில் கேட்க வேண்டும். கிளெமென்ட் கேட்டான். நெருப்பில் வெந்து வலுவிழந்த கட்டடம், மனிதர் தலையில் விழும் என்று காரணம் சொன்னான். நேரில் பார்க்க வியாழக்கிழமை ஆள் வரும் என்று பதில் வந்தது.

மேவிஸுக்கு இது திங்கட்கிழமைதான் தெரிந்தது. லாயம் போனால் குதிரைகள் போகும். அந்த வயதில், அந்த உடம்போடு போகிற குதிரைகளை யார் வாங்குவார்கள் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கசாப்புக்காரன் எடை போட்டு வாங்குவான்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் சுண்ணாம்பைக் கரைத்தாள். வசந்தத்தில் லாயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது வருஷாவருஷம் நடப்பதுதான். பூச்சி வராது, வெளிச்சமாகவும் இருக்கும். ஆனால் எல்லோரும் சுவருக்கு அடிப்பார்கள். இவள் ஏணி போட்டுக் கூரைக்கு அடித்தாள். கைமரம், விட்டம், விட்டத்தின் நடுவில் நிற்கிற குட்டித் தூண் எதையும் விடவில்லை. கரி தெரிந்தால்தானே வெந்தது என்பார்கள்? தெரியாமல் பண்ணிவிட்டால்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். கண்ணில் சுண்ணாம்பு வழிய, கழுத்து ஒடிய, இரண்டு நாள் அடித்தாள்.

அடிக்க அடிக்க அவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. குற்றம் செய்யாதவனின் பேத்தி எதற்கு மறைக்க வேண்டும்? வெளியே யார் சொன்னாலும் சண்டைக்குப் போகிறவள்தான். ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில் அவளும் ஊரை நம்பியிருந்தாள். இவ்வளவு கரியைக் கண்ணால் பார்த்துக்கொண்டு எப்படி நம்பாமல் இருப்பது? தாத்தாவின் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது.

இரண்டு அங்கணம் முடிந்தது. மூன்றாவதில் தகைவிலான் குருவிகள் கூடு கட்டி முட்டையிட்டிருந்தன. தகைவிலான் கூட்டைக் கலைத்தால் மாடு பாலுக்குப் பதில் ரத்தம் கறக்கும் என்பார்கள். மேவிஸிடம் மாடு இல்லை. இருந்தாலும் அந்தப் பாவம் நமக்கெதற்கு என்று ஏணியை மடக்கிவிட்டாள். அந்தப் பக்கம் வெளிச்சமும் குறைவு. வருகிற ஆள் அதுவரை போகாமலிருந்தால் சரி.

வந்தது ஒரு பெண். பாஸ்க் என்று பெயர். முப்பது வயது இருக்காது. காலில் ரப்பர் பூட்ஸ், கையில் நீளமான டார்ச். கிளெமென்ட் முதலில் அவளைச் சமையலறைக்குக் கூட்டிப் போய் எண்ணையும் சுங்கானையும் காட்டி, தேநீர் கொடுத்து, பிறகு முற்றத்தைத் தாண்டி அழைத்து வந்தான். கல்யாண வீட்டுக் களையோடு வந்தான்.

"தலையைப் பாத்து வாங்க மிஸ் பாஸ்க். எப்ப எது விழும்னு சொல்ல முடியாது. உள்ள பூரா வெந்துபோனது."

மிஸ் பாஸ்க் அண்ணாந்து பார்த்தாள். "எங்க வெந்திருக்கு?"

கிளெமென்டும் அண்ணாந்தான். அவனுக்குக் குதிரை என்றால் ஆகாது. லாயத்துக்குள் வந்து பல வருஷம் இருக்கும். கூரை பால்போல வெளுத்திருந்தது.

"ஏய் மேவிஸ்! என்ன பண்ணி வெச்சிருக்க?"

"சுண்ணாம்பு அடிச்சேன். வருஷாவருஷம் அடிக்கிறதுதானே."

"கூரைக்கா?"

"குதிரைங்க மேலயும் பாக்கும்."

"பாத்தீங்களா மிஸ்? இவ யாரு தெரியுமா? நான் இப்பதானே சொன்னேன், அந்தச் சுங்கானோட பேத்தி! தாத்தா கொளுத்தினதைப் பேத்தி வெள்ளையடிச்சு மறைக்கிறா."

மிஸ் பாஸ்க் மேவிஸைப் பார்த்தாள். மேவிஸின் புருவத்தில்கூட இன்னும் சுண்ணாம்பு இருந்தது.

"உள்ள கரி இருந்துச்சா?" என்று கேட்டாள் மிஸ் பாஸ்க்.

"இல்ல" என்றாள் மேவிஸ். "எல்லாம் நல்ல மரம்." பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

மிஸ் பாஸ்க் டார்ச்சை விட்டத்தின் நடுவில் நின்ற குட்டித் தூணின்மேல் அடித்தாள். அதன் தலைப்பாகம் எட்டுப் பட்டையாகச் செதுக்கி, சுற்றிலும் வளையம் வைத்திருந்தது.

"இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நான் பொறந்ததுலேர்ந்து பாக்கிறேன் மிஸ். குதிரைக்கு எதுக்கு இந்தச் சிங்காரம்னு தெரியல."

"எனக்கும் அதான் தெரியல" என்றாள் மிஸ் பாஸ்க். தூணையே பார்த்துக்கொண்டு நின்றவள், சுண்ணாம்புப் பூச்சைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "இப்படி அடிச்சிருக்க வேண்டாம். இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. தூண் வேற எங்கேயோ இருந்து பிடுங்கிட்டு வந்ததாக்கூட இருக்கலாம்." டார்ச்சை அணைத்தாள். அப்படியே போய்விடுவாள் போலிருந்தது.

கிளெமென்ட் அன்று வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால், வலுவிழந்த சாதாரண லாயம் என்று ஒரு வார்த்தையில் காரியம் முடிந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அவனுக்கு லாயம் இடிவதைவிடத் தன் கதை பொய்யாகிப் போவது பொறுக்கவில்லை.

"கரி இல்லையா? நான் காட்டுறேன் வாங்க!" என்று தெற்குப் பக்கம் நடந்தான். மூன்றாவது அங்கணத்தில் பழைய கூரை வைக்கோல் அப்படியே இருந்தது. அதன் மேல்தான் தகரம் போட்டிருந்தார்கள். கிளெமென்ட் தொட்டியின் விளிம்பில் ஏறி, குருவிகள் தலைமேல் கீச்சிட்டுப் பறக்க, கையை நீட்டிக் கைமரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பிடி வைக்கோலைப் பிடுங்கினான். கீழே இறங்கிக் கையை விரித்தான். உள்ளங்கையெல்லாம் கறுப்பு.

"பாருங்க! இது கரியில்லாம பின்ன என்ன? மேல பூரா இப்படித்தான். ஒரு அங்குலம் பாக்கியில்ல."

மேவிஸ் டச்சஸின் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

மிஸ் பாஸ்க் அவன் கையிலிருந்து ஒரு வைக்கோல் தாளை எடுத்து விரல் நகத்தால் வழித்தாள். மேலே பசைபோல ஒட்டியிருந்த கறுப்பு வந்தது. உள்ளே வைக்கோல் மஞ்சளாக இருந்தது. கணு தெரிந்தது. நுனியில் இரண்டு கதிர்மணியின் உமிகூட இருந்தது.

"மிஸ்டர் போரெட், உங்க கையில என்ன வெச்சிருக்கீங்க?"

"கரி."

"வைக்கோல். முழு வைக்கோல். உள்ள நெருப்புப் பிடிச்சிருந்தா முதல்ல போறது இதுதானே? இது எப்படி உங்க கையில இருக்கு?"

கிளெமென்ட் கையைப் பார்த்தான்.

மிஸ் பாஸ்க் தானே தொட்டிமேல் ஏறிக் கைமரத்தைச் சுரண்டினாள். மரம் எங்கேயும் வெடிக்கவில்லை, கருகவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் புகை படிந்திருந்தது. இறங்கி வந்தபோது அவள் முகத்தில் பரீட்சையில் தேறிய பிள்ளையின் சிரிப்பு இருந்தது.

"இது நெருப்புப் பட்ட கரி இல்ல, அடுப்புப் புகை. ஒரு நாள்ல படிஞ்சதும் இல்ல, நூறு வருஷத்துக்கு மேல படிஞ்சது. அந்தக் காலத்துல புகைபோக்கி கிடையாது. கூடத்துக்கு நடுவுல தரையிலேயே நெருப்பு மூட்டுவாங்க. புகை மேல போய்க் கூரை வழியா வெளியேறும். இது லாயமா கட்டினது இல்ல மிஸ்டர் போரெட். வீடு."

"வீடா? இதுவா?"

"உங்க வீட்டுக்கு முன்னாடி இருந்த வீடு. அதான் அந்தத் தூணுக்குச் சிங்காரம். ஆயிரத்து நானூத்துச் சொச்சத்துல கட்டியிருப்பாங்க. அப்புறம் வசதி வந்ததும் எதிர்ல வேற கட்டிக்கிட்டு, இதைக் குதிரைக்குக் குடுத்துட்டாங்க."

"எங்க வீட்டுல 1594னு போட்டிருக்கே!"

"ஆமா. அது புது வீடு."

கிளெமென்டுக்கு முகம் செத்துவிட்டது. மேவிஸ் அதை நின்று ரசிக்கவில்லை. அவளுக்கு வேறொன்று வேண்டியிருந்தது.

"மிஸ், அப்ப எங்க தாத்தா?"

"சுங்கான் கதையில வர்றவரா?" மிஸ் பாஸ்க் கையைத் துடைத்துக்கொண்டாள். "வெளியில புல்போர் எரிஞ்சிருக்கலாம். உள்ள யாரும் எதையும் கொளுத்தல. அவர் பொறக்கிறதுக்கு முந்நூறு வருஷம் முன்னாடியே இந்தக் கூரை கறுப்புதான்."

அழுகை வரும் என்று மேவிஸ் நினைத்தாள். வரவில்லை. வந்தது கோபம். அறுபது வருஷம். கதிர்மணி ஒட்டியிருக்கிற வைக்கோல் தலைக்கு மேலேயே கிடந்திருக்கிறது. ஒருவரும் ஏறி ஒரு தாளை நகத்தால் சுரண்டிப் பார்க்கவில்லை. அவளும்தான் பார்க்கவில்லை. கோபத்தில் பாதி அதனால் வந்தது.

இடிப்பதற்கு எந்தக் காலத்திலும் அனுமதி கிடைக்காது என்று சொல்லிவிட்டு மிஸ் பாஸ்க் கிளம்பினாள். போகும்போது மேவிஸிடம் மட்டும், "இனிமே தயவுசெய்து சுவரோட நிறுத்திக்கங்க" என்றாள்.

கிளெமென்ட் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசத் தொடங்கினான். சனிக்கிழமை சாயங்காலம் ஊர் மதுக்கடைக்கு மேவிஸ் போனபோது அவன் நடுவில் நின்றுகொண்டிருந்தான், கையில் பெரிய கோப்பை, சுற்றிலும் ஏழெட்டுப் பேர்.

"ஜில்லாவுலயே பழைய வீடு இப்ப எங்கிட்டதான்யா இருக்கு. ஆயிரத்து நானூறு! கவுன்சில்லேர்ந்து வந்த பொண்ணு அசந்துட்டா. நானே மேல ஏறி வைக்கோலைப் பிடுங்கிக் காட்டினேன். நான் காட்டலேன்னா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

அதுவரை பொய்யில்லை. மேவிஸ் தன் அரைக் கோப்பை பீரை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர் வில்ஃப் கேட்டார், "அதைத்தானே கிளெமென்ட் அந்தச் சுங்கான் கெரிட்ஜ் கொளுத்தினான்? எரிஞ்ச வீடு எப்படி அத்தனை வருஷம் நிக்கும்?"

எல்லோரும் மேவிஸைப் பார்த்தார்கள். கிளெமென்டும் பார்த்தான். ஒரு வாய் பீர் குடிக்கிற நேரம் எடுத்துக்கொண்டான். சொல்ல வேண்டியது ஒரு வரி. எங்க தாத்தா தப்பா சொல்லிட்டாரு என்று சொன்னால் போதும்.

"கொளுத்தினானா? எந்த நெருப்புய்யா?" என்றான் கிளெமென்ட். "அங்க நெருப்பே பிடிக்கல. போரெட் குடும்பம் எப்பவும் நெருப்பு விஷயத்துல ஜாக்கிரதை."

ஒருவர் சிரித்தார். இன்னொருவர் தலையாட்டினார். மேவிஸ் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அறுபது வருஷம் அவன் குடும்பம் வாய் ஓயாமல் சொன்ன கதையை, ஒரு வாய் பீரில் விழுங்கிவிட்டான். பழி போட்டவனும் இல்லை, சுமந்தவனும் இல்லை என்று ஆக்கிவிட்டான். அவளுக்கு அது பழியைவிட எரிந்தது.

"நெருப்பே பிடிக்கலன்னா, எங்க பாட்டி எதுக்கு ஆறு புள்ளைங்களோட தெருவுக்கு வந்தா கிளெமென்ட்?"

"பழங்கதை எல்லாம் இப்ப எதுக்கு மேவிஸ்?"

"பழங்கதைதான். ஆனா போன வியாழக்கிழமைகூடச் சொன்னியே, தேநீர் ஊத்திக் குடுத்துட்டு. நெருப்பே இல்லன்னா உன் அடுப்புக்கு மேல தொங்குறது என்ன?"

கிளெமென்ட் கோப்பைக்குள் பார்த்தான்.

"அந்தச் சுங்கானை எங்கிட்ட குடுத்துடு" என்றாள் மேவிஸ். "குடுக்கிறியா?"

வில்ஃப் தொண்டையைக் கனைத்தார். "குடுத்துடுப்பா. அதுல என்ன இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை தேவாலய மணி அடிப்பதற்கு முன்பே கிளெமென்ட் முற்றத்தைத் தாண்டி வந்தான். ஞாயிறு கோட்டு போட்டிருந்தான். மேவிஸ் குதிரை லத்தியை வாரித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் லாயத்து வாசற்படியில் நின்றான். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை. அவனும் நுழையவில்லை.

"இந்தா" என்று கைக்குட்டையைப் பிரித்தான். பிடி உடையாமலிருக்கப் பஞ்சு வைத்துச் சுற்றியிருந்தான். ஆணியில் கட்டிய நூலும் அதோடேயே இருந்தது.

மேவிஸ் கையை நீட்டி வாங்கினாள். தூரத்திலிருந்து பார்த்ததற்கு மிகவும் சின்னதாக இருந்தது. இத்தனை வயதில் அவள் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"உங்க தாத்தாவோடது" என்றான் கிளெமென்ட். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பத்திரமா வெச்சுக்க."

"எங்க தாத்தா புகையிலை மெல்லுவாரு. இது எங்களோடது இல்ல."

"பின்ன எதுக்குக் கேட்ட?"

"உன் சுவத்துல தொங்கக் கூடாதுன்னு கேட்டேன்."

சுங்கானைத் தள்ளுவண்டியில், லத்தியின் மேல் போட்டாள். அதன் மேல் இன்னொரு வாரு வாரிப் போட்டாள். மூன்றாவது அங்கணத்தில் குருவிகள் உள்ளே வருவதும் போவதுமாக இருந்தன. வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"வழி விடு கிளெமென்ட்" என்றாள்.